கறி மாதிரி

வெந்நீரில் ஊறும் சோயாவுக்கு நனைந்த கோணியின் வாடை. பிழிந்து அரைத்து, பட்டையும் கிராம்பும் சோம்பும் சேர்த்துக் கல்லில் போட்டால் கோணி வாடை போய் வேறொன்று எழும். பசியை நேராக மூக்கில் வந்து குத்தும் ஒன்று. போன மாதம் ஓசூர் பைபாஸ் ஓரம், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குள் நுழைந்தபோது அதுதான் என் முகத்தில் அடித்தது.

தொப்பி போட்ட பையன் சுவரில் ஒளிரும் படத்தைக் காட்டினான். "மேடம், இது புதுசு. செடிப் புரோட்டீன் பர்கர். அப்படியே கறி மாதிரியே இருக்கும்."

விலையைப் பார்த்தேன். பிறகு அந்தப் பையனைப் பார்த்தேன். அவன் மேல் என்ன தப்பு இருக்கிறது, சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான். ஆனாலும் எனக்குக் காது சுட்டது. என் கோபம் இல்லை அது. முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னோடு ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவளின் கோபம். அவளை நான் எங்கே இறக்கி வைத்தாலும் அது மட்டும் இறங்காமல் என்னோடு வந்துகொண்டே இருக்கிறது.

"மாதிரி" என்று யார் சொன்னாலும் அவளுக்குப் பற்றிக்கொள்ளும்.

நாங்கள் மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றினோம், மோட்டாருக்குள் போகும் கம்பிச் சுருள். செம்புக் கம்பி விரலை அறுக்கும். அறுபட்ட இடத்தில் வார்னிஷ் எரியும். எங்கள் பிரிவிலேயே அவள் கைதான் வேகம். ஒரு நாள் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று, பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "ஆம்பள மாதிரி வேல செய்யறம்மா நீ."

அவள் கம்பியை நிறுத்தினாள். ஷெட்டின் அந்தக் கோடியில் அட்டைப் பெட்டி மேல் சாய்ந்து ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"எந்த ஆம்பள மாதிரி சார்? அதோ கீறாரே, அவரு மாதிரியா?"

கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும். அவளுக்கு இறங்கும். கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல் இறங்கி இறங்கி, கடைசியில் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். அப்படி அவள் குரல் தாழ்ந்தால் நாங்கள் எல்லோரும் வேலையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வோம்.

எங்களுக்கு அங்கே பெயர் ட்ரெய்னி. பயிற்சி எப்போதோ முடிந்துவிட்டது, பெயர் மட்டும் முடியவில்லை. பர்சனல் ஆபீஸர் கூட்டம் போட்டுச் சொன்னார், "நீங்கள்லாம் பெர்மனென்ட் மாதிரிதாம்மா." அவள் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "அப்ப சம்பளமும் பெர்மனென்ட் மாதிரி குடுங்க சார். மாதிரியே போதும்." கூட்டம் அதோடு கலைந்தது. அவள் பெயர் எங்கோ குறித்துக்கொள்ளப்பட்டிருக்கும் என்று நாங்கள் பயந்தோம். ஆனால் அவள் கையை விட்டால் உற்பத்தி விழும். அது அவர்களுக்கும் தெரியும்.

அவள் ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். எனக்கு நாட்றாம்பாளையம், மலை. மூன்றாவது ஆள் ஜெசிந்தா, திருநெல்வேலியிலிருந்து அண்ணனுக்குத் தெரிந்தவர் மூலம் ரயிலேறி வந்தவள். கல்யாணமாகாத பெண்களுக்கு அறை கொடுக்க ஓசூரில் அப்போது யாருக்கும் மனசு வராது. கொடுத்தது ஒரே ஒருத்தர். கம்பெனி கேட்டுக்கு நடந்து போகும் தூரத்தில், முன்னால் தன் வீடும் பின்னால் வரிசையாக அறைகளும் கட்டி வைத்திருந்த ஒரு அம்மா. தெலுங்கு வீடு. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைந்து பேசும்.

அறை பார்க்கப் போனபோது அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்த ஆளுங்க?"

நான் தரையைப் பார்த்தேன். ஜெசிந்தா, "நாங்க கம்பெனி ஆளுங்கம்மா" என்று இழுத்தாள். இவள்தான் முகத்தை நேராக வைத்துச் சொன்னாள்: "மாசம் பொறந்தா வாடக குடுக்கற ஆளுங்க."

அந்தம்மா சிரித்துவிட்டது. சிரித்தபடியே சட்டம் போட்டது. கறி, மீன், முட்டை எதுவும் இந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

"சமைக்க மாட்டோம்," என்றாள் இவள். "ஆனா வெளிய தின்னுட்டு வந்தா வயித்துல இன்னா இருக்குதுன்னு கேக்கக் கூடாது."

அந்தச் சொல்லை அவள் காப்பாற்றினாள். சமைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி தின்றுவிட்டு வந்து, பொதுக் குழாயடியில் நின்று, முன்வீட்டு ஜன்னல் கேட்க நிதானமாக வாய் கொப்பளிப்பாள்.

பர்கர் வந்த கதை இது. ஒரு ஞாயிறு மூன்று பேரும் பெங்களூர் போனோம், சும்மா பார்க்க. கண்ணாடிக் கடை ஒன்றில் பர்கர் படம் போட்டிருந்தது. ஜெசிந்தா, "ஏட்டி, ஒண்ணு வாங்கி மூணு பேரும் கடிப்போம்" என்றாள். சைவத்தில் ஒன்று சொன்னோம். தட்டில் வந்ததும் இவள் கடிக்கவில்லை. மேல் பன்னைத் தூக்கி ஓரமாக வைத்தாள். இலையைத் தூக்கினாள். உள்ளே உருளைக்கிழங்கில் தட்டிய ஒரு வட்டம், சூடு ஆறிய கன்னம்போல் கிடந்தது. விரலால் தட்டிப் பார்த்தாள். சர்வர் பையன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னா?" என்றாள் அவனிடம். "உள்ள ஒண்ணுமே இல்லியேன்னு பாக்கறேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அத்திப்பள்ளி தாண்டியதும் சொன்னாள், "நான் போடறேன் பாருங்கடி."

ஓசூர் மார்க்கெட்டில் அவளோடு நடப்பது எங்களுக்கு வெட்கம். நல்ல கேரட், நல்ல கோஸ், நல்ல பீன்ஸ் எல்லாம் விடியும் முன்னே லாரி ஏறி பெங்களூருக்குப் போய்விடும். முறிந்ததும் வெடித்ததும் எங்களுக்கு. அந்த முறிந்ததிலும் அவள் பொறுக்கி எடுப்பாள். மளிகைக்கடையில் சோயா மூட்டையின் அடியில் தங்கும் உடைசலைக் கேட்பாள். முழு உருண்டையில் பாதி விலைக்கு வரும். கடைக்காரர் ஒருமுறை, "மாட்டுக்கா கேக்கறீங்க?" என்றார்.

"மனுசிக்கு. எடைய ஒழுங்கா போடு."

பேக்கரியில் நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றுவிடுவோம். அவள் உள்ளே போய், கேக் வாங்க வந்த குடும்பங்களுக்கு நடுவில் நின்று, "நேத்து பன்னு இருக்குதா?" என்பாள். பேக்கரிக்காரர் குனிந்து, "மெதுவா கேளும்மா, கஸ்டமர் இருக்காங்க" என்பார்.

"நானும் கஸ்டமர்தான். பழசுக்கு வேற இன்னா பேரு வெச்சிருக்கிற, சொல்லு, அதையே சொல்றேன்."

அவள் செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். உடைசலைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு, ஆறியதும் நுரை தீரும் வரை பிழிவாள். துணி பிழிகிற பிழி, மணிக்கட்டு நரம்பு எழுந்து நிற்கும். வேகவைத்த கொள்ளும் அதுவும் பின்கட்டுப் பொது அம்மியில் ஒன்றாக நசுங்கும். கொள்ளு இல்லாமல் சோயா தனியாக நிற்காது, உதிரும். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியின் தண்டு, துருவிய கேரட், பட்டை கிராம்பு சோம்பு. பிடித்து வைக்க ஒரு கை ராகி மாவு. மார்கழி, தை வந்தால் கொள்ளுக்குப் பதில் பிதுக்கம்பருப்பு. ஊறிய அவரையைத் தோல் பிதுக்கி எடுக்கும்போது எங்கள் மூன்று பேர் நகக்கண்ணும் பச்சையாக இருக்கும். உள்ளங்கையில் தட்டித் தோசைக்கல்லில் போட்டு, எண்ணெய் மிச்சமாக வேண்டும் என்று மேலே மூடி போடுவாள். அந்த மூடியைக் கவிழ்த்துப் போடமாட்டாள், மல்லாத்திப் போடுவாள். மூடியின் குழிக்குள் நேற்றைய பன்களை அடுக்கி வைப்பாள். கல்லின் சூடு மூடி வழியாக ஏறிப் பன் இளகும். மண்ணெண்ணெய் ஒன்று, வேலை இரண்டு. பிறகு கோஸின் வெளி இலை, தக்காளி, வேர்க்கடலைச் சட்னி.

முதல் தடவை தின்றபோது ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். "ஏட்டி, அப்படியே கறி மாதிரில்லா இருக்கு!"

அவள் குரல் இறங்கியது. "கறி வேணும்னா கடைக்குப் போயி கறி தின்னு. இது சோயா, கொள்ளு. நல்லா இருந்தா சோயா நல்லா இருக்குதுன்னு சொல்லு. அதுங்க யாருக்கும் வேசம் கட்டல."

ஜெசிந்தா வாயில் வைத்ததை முழுங்கிவிட்டு, "சோயா நல்லா இருக்கு தாயே" என்றாள். அதற்கப்புறம்தான் அடுத்தது கிடைத்தது.

அந்த வருஷம் புரட்டாசியில் கம்பெனியில் பேச்சு அடிபட்டது: தீபாவளிக்கு முன்னால் ட்ரெய்னிகளில் சிலரை நிஜமாகவே பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், அதுவரை ஒரு ஷிப்ட் தவறினாலும் ஆள் அவ்வளவுதான். அவள் கழுத்தில் செம்புத்தூளோடு ஜுரத்திலும் வந்து சுற்றினாள். அவளுக்கு அது வேண்டும். வாயால் சொல்லவில்லை, ஆனால் வேண்டும். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. சிங்காரப்பேட்டையிலிருந்து எந்தப் பஸ் பிடித்தாலும் அந்த நேரத்துக்கு வர முடியாது. அந்த அறை இருக்கும்வரைதான் அந்த வேலை. மூன்று பேருக்கும் இது தெரியும். வீட்டுக்கார அம்மாவுக்கும் தெரியும்.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்று. ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு அவள் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். முன்வீட்டில் பெருமாளுக்குத் தளிகைப் படையல், உறவுக்காரர்கள், பஜனை. புரட்டாசியில் அவளும் கறி தொடமாட்டாள்; அவள் வீட்டில் பெருமாள்தான். நானும் அப்படித்தான். அதனால்தான் அன்றைக்கு சோயா.

பஜனை பாதியில் நின்றது. அடுத்த நொடி அறை வாசலில் வீட்டுக்கார அம்மா, மூக்கில் முந்தானை.

"ஏமிது? ஏமி வாசன இது? சனிக்கிழம அதுவுமா, பொரட்டாசில, என் வூட்ல கறியா?"

"கறி இல்லம்மா. சோயா."

"சோயாக்கு இந்த வாசன வருமா? எனக்கு தெரியாதா?"

"உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்? நீங்கதான் தின்னதே இல்லியே."

முற்றத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அதோடு போயிருக்கும்.

"மூடிய எடு."

"எடுக்க மாட்டேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எடுத்துக் காட்டிடுடி. சோயாதான், பாத்துட்டுப் போவட்டும்."

அவள் குரல் எனக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. "இன்னிக்கு காட்டினா தெனமும் காட்டணும். சோயான்னு சொல்லிட்டேன். சொன்னது போதாதா?"

போதவில்லை. அந்தம்மா உள்ளே வந்து முந்தானையால் மூடியைப் பிடித்துத் தூக்கியது. குழியில் இருந்த பன்கள் உருண்டு தரையில் விழுந்தன. ஒன்று ஜெசிந்தாவின் பாய்க்குக் கீழே போய்விட்டது. கல்லில் பழுப்பாக நான்கைந்து வட்டங்கள் சத்தமிட்டுக்கொண்டிருந்தன.

அந்தம்மா குனிந்து பார்த்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, பார்த்தால் அதற்குத் தெரியாது. கறி எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. கரண்டியால் ஒன்றை முற்றத்துக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிளந்தது.

"நாரு நாரா இருக்குதே!"

"சோயாவுக்கு நாரு உண்டும்மா," என்றேன்.

ஜெசிந்தா பாய்ந்து போய் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "சோயாதாம்மா. மாதா மேல சத்தியமா சோயா."

"நீ அவ கூட்டாளி. நீ அப்பிடித்தான் சொல்லுவ." அந்தம்மா பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டது. லேத்தில் வேலை பார்ப்பவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார், நல்ல மனுஷன். "ஏப்பா, நீ கறி திங்கறவன்தான? வாயில வெச்சிப் பாத்து சொல்லு."

அவர் இரண்டு எட்டு பின்னால் போனார். "எனக்குப் பெருமாள் வெரதம்மா. ஒருவேள கறியா இருந்துட்டா?"

முற்றம் அப்படியே நின்றது. தெரியாதவர்கள் தின்னாதவர்கள், தெரிந்தவர்கள் விரதம். இன்னொரு நாளாக இருந்தால் நாங்கள் அறைக்குள் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்போம். எனக்கு ஒரு வழி தோன்றியது. இவளும் விரதம்தான் என்று சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். காயில் சுற்றும் பிடி. பெருமாளைச் சொல்லித் தப்பிக்க அவளுக்கு மனமில்லை.

தளிகைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் முன்வாசலிலிருந்து யோசனை சொன்னார்: "நாய்க்குப் போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்."

கேட்டோரம் ஒரு செவலை நாய் எப்போதும் கிடக்கும். அந்தம்மா பிளந்த வட்டத்தை அதன் முன்னால் போட்டது. நாய் எழுந்து மோந்தது. நக்கியது. பச்சை மிளகாய் உறைத்திருக்கும், தும்மியது. மறுபடி ஒரு தடவை மோந்துவிட்டு, வாலைக்கூட அசைக்காமல் நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"திங்கல! நாயே திங்கல!" அந்தம்மா முகம் விரிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். லேத்துக்காரர் பெருமூச்சு விட்டார். "கறி இல்ல, கறி இல்ல. தேவுடா, நான் பயந்தே போயிட்டேன்," என்றபடி அந்தம்மா உள்ளே வந்து இவள் தோளைத் தட்டியது. "மனசுல வெச்சிக்காதம்மா. நீ பாட்டுக்கு இரு. அந்த மசாலா மட்டும் கொஞ்சம் கம்மியா போடு. அப்பிடியே கறி மாதிரி இருந்திச்சி, அதான்."

நல்ல மனசோடுதான் சொன்னது. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கெட்ட மனசோடு சொன்னால் திருப்பித் திட்டலாம். மன்னிப்பு மாதிரி வந்து தோளில் விழும் கையை என்ன செய்வது? இப்படி ஒரு கை என் தோளில் எத்தனை இடத்தில் விழுந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில், ஆபீஸில், கல்யாண வீட்டுப் பந்தியில். விழும்போதெல்லாம் நான் சிரித்து வைத்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

பஜனை மறுபடி தொடங்கியது. அவள் ஸ்டவ்வை அணைத்தாள். பன்களைப் பொறுக்கி, பாய்க்குக் கீழே போனதையும் எடுத்து, ஊதித் துடைத்தாள். வட்டங்களை உள்ளே வைத்து நியூஸ்பேப்பரில் மடித்தாள். கல்லைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கொடியில் இருந்த தன் துணிகளை எடுத்து ரெக்சின் பையில் வைக்கத் தொடங்கினாள்.

ஜெசிந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கட்டி போற? அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டுல்லா?"

"ஒண்ணுமில்லன்னு யாரு சொன்னா? நாயி சொல்லிச்சி."

"தீபாவளி வரைக்கும் பல்லக் கடிச்சிகினு இருடி," என்றேன். "பேரு வந்துடும். அப்பறம் நம்ம மூணு பேரும் வேற எடம் பாக்கலாம். இப்ப போனா வேல போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னாள்: "கறியா இருந்திருந்தா தெருவுல நிறுத்தியிருப்பாங்க. அப்ப நீ அழுவ, இவ அழுவா. கறி இல்லன்னு ஆனதும் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு இன்னாடி சந்தோசம்? நான் நல்லவன்னு சொல்லிட்டாங்களா? சோயா நல்லதுன்னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான்."

ஜிப் அறுந்துவிட்டது. அவள் தாவணியைக் கிழித்து பையைக் கட்டினாள்.

முன்வாசல் வழியாகத்தான் போனாள். பின்சந்து இருந்தது, அதில் போகவில்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மா கையில் தட்டோடு எழுந்து, "ஏம்மா, ஊருக்கா? சுண்டல் வாங்கிட்டுப் போ" என்றது. அதற்கு நிஜமாகவே விளங்கவில்லை. இவள் நின்று, கும்பிட்டாள். பெருமாள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள், அந்தம்மாவைப் பார்க்கவில்லை. சுண்டல் வாங்காமல் கேட்டைத் தாண்டினாள்.

நான் மட்டும் கூடப் போனேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவள் ஊர்ப் பக்கம் போகும் ஊத்தங்கரை பஸ் நின்றிருந்தது. வெயில் சாய்ந்து டயர்களுக்கு நடுவில் மஞ்சளாகக் கிடந்தது. ரோஜாப் பெட்டிகள் பெங்களூர் பஸ்ஸின் கூரையில் ஏறிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் மிஷின் காலியாக இருக்கும், செவ்வாய்க்கிழமை வேறொரு பெண் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, மீதியை நின்றபடியே கடித்தாள். கோபத்தில்கூட நன்றாக மென்று தின்றாள். ஆறிப்போயிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன். அவள் தலையைக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும் அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"ஒண்ணும் இல்லாததுக்குக் கோவிச்சிகினு போயிட்டான்னு அந்தம்மா தெருவெல்லாம் சொல்லும். அப்பிடி இல்லன்னு சொல்லு. அவ கறி திங்கறவதான், ஐப்பசி பொறந்ததும் திம்பா, அதனாலதான் போனான்னு சொல்லு. அத சொல்லிட்டு அங்க இருக்க முடியும்னா, இரு."